திருமண்ணுக்குக் கீழே இருந்த புண்

நோயைப் பற்றி எழுதும் முன், அதற்கு முன்பு நான் யாராக இருந்தேன் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி, செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி காவிரி, கொள்ளிடக் கரைகளில் வெயிலில் கழிந்தது. முக்கொம்பில் மதகுகளைத் தூக்கவும் இறக்கவும் உத்தரவிட்டவர்களில் நானும் ஒருவன். என்னிடம் துறை ஒருமுறைகூட விளக்கம் கேட்டதில்லை.

ஓய்வுக்குப் பின் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். எங்கள் வீதியில் ஒரு பாராயண கோஷ்டி (பாசுரங்களை ஒன்றாக நின்று சேவிக்கும், அதாவது ஓதும், குழு) உண்டு. அதில் முன்வரிசையில் மூன்றாவது இடம் என்னுடையது. எழுதிவைத்த உரிமை அன்று. ஆனால் நான் வராத நாளில் அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் சிறுநீரகங்கள் செயலிழந்தன. என் மனைவி வேதவல்லி தன்னுடைய ஒன்றைத் தந்தாள். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை முடிவு வரும்போதெல்லாம் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்காத்து மனுஷா சௌக்கியமா இருக்காளா?" கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டத் தவறும் கழிவின் அளவு) 1.3 என்று நான் சொல்வேன். "நன்னா வெச்சுண்டிருக்கேள்" என்பாள். இதைத் தவிர அந்தச் சிறுநீரகத்தைப் பற்றி அவள் பேசியதில்லை. நானும் நன்றி என்று ஒரு சொல் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பேசும் வழக்கம் இல்லை.

நோய் வெளிப்பட்டது ஒரு மார்கழிக் காலையில், கோஷ்டியின் நடுவில். பக்கத்தில் நின்றவர் பாசுரத்தை நிறுத்தாமலே என் பக்கம் குனிந்து, "ஸ்வாமி, நெத்தியிலேர்ந்து ரத்தம் வரது" என்றார். கை வைத்துப் பார்த்தேன். திருமண்ணின் (நெற்றி நாமத்தின்) இடப்பக்க வெள்ளைக் கோடு கரைந்து, சிவப்பாக மூக்கின் ஓரம் வழிந்து, மேல்வேஷ்டியில் சொட்டியிருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் சேவிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொருவராக அரை அடி விலகினார்கள். அந்த அரை அடி இன்றும் நினைவில் இருக்கிறது.

அது திடீரென்று வந்த புண் அன்று. முதலில் மிளகு அளவில் சொரசொரப்பாக இருந்தது. குளிக்கும்போது பொருக்கு உதிரும். மறுநாள் திரும்பக் கட்டும். திருமண் இடும் வெள்ளிக் கம்பி கீறியதாகவும் ஸ்ரீசூர்ணம் (நடுவில் இடும் சிவப்புத் தூள்) ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சூர்ணம் வாங்கும் கடையை மாற்றினேன். திருமண்ணைச் சற்று அகலமாக இட்டேன். கண்ணாடியில் புண் தெரியவில்லை என்றால் இல்லை என்றே பொருள் கொண்டேன்.

மாற்றுறுப்புப் பெற்றவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க நாம் உண்ணும் மாத்திரைகள் எதிர்ப்பாற்றலை உறங்கவைக்கின்றன. அந்த உறக்கத்தில் தோல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நமக்கு அதிகம். முதல் நாளே இதைச் சொன்னார்கள். அச்சிட்ட தாளும் தந்தார்கள். அந்தத் தாளை நான் பொறியாளருக்கு உரிய ஒழுங்கோடு கோப்பில் வைத்திருந்தேன்.

என் சிறுநீரக மருத்துவர் செந்தில், திருச்சியில் தென்னூர்ப் பக்கம் உள்ள மருத்துவமனையில் இருப்பவர். ஒவ்வொரு பரிசோதனையின்போதும் கை, கழுத்து, முதுகு எல்லாம் பார்ப்பார். நெற்றியை மட்டும் பார்த்ததில்லை. பின்னாளில் அவரே சொன்னார்: "சார், நீங்க நாமம் போட்டுட்டு வருவீங்க. அதை அழிச்சிட்டுக் காட்டுங்கன்னு கேக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு. தப்பு என்னுதும்தான்." மரியாதைக்காக அவர் கேட்கவில்லை. மரியாதைக்காக நான் காட்டவில்லை. புண்ணுக்கு அந்த இரண்டு மரியாதைகளும் போதுமானவையாக இருந்தன.

கோஷ்டியில் இரத்தம் சொட்டிய மறுநாளே அவர் என்னைப் புற்றுநோய் மருத்துவர் நஸீமாவிடம் அனுப்பினார். திருச்சிப் பழைய நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். நாற்பது வயது இருக்கலாம். அவர் அறையில்தான் முதன்முறையாக வேறொருவர் கையால் என் திருமண் துடைக்கப்பட்டது. பஞ்சை நனைத்து, "தொடலாமா சார்?" என்று கேட்டுவிட்டே தொட்டார்.

"எவ்வளவு நாளா இருக்கு சார்?"

"இரண்டு மாதமாக" என்றேன்.

வேதவல்லி என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவள் தலை என் பக்கம் திரும்பியதைப் பார்க்காமலே உணர்ந்தேன். மருத்துவர் கோப்பில் எழுதினார்.

"சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா அரை மணி நேர வேலை சார். வெட்டி எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். "ரெண்டே மாசத்துல இவ்வளவு ஆழம்னா, இது வேகமா போற வகையா இருக்கும் போல."

திரும்பும் வழியில் காவிரிப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. ஆற்றில் தண்ணீர் குறைவு. மணல் திட்டுகள் வெளியே தெரிந்தன. வேதவல்லி ஆற்றைப் பார்த்தபடி கேட்டாள்:

"ஏன்னா, ரெண்டு மாசமா?"

நான் முன்னால் நின்ற வண்டியைப் பார்த்தேன்.

"போன தையிலேயே தலகாணி உறையில ரத்தம் பார்த்தேனே. கேட்டதுக்கு, கொசுவை அடிச்சேன்னேள்."

"படித்தவன், இத்தனை நாள் சும்மா இருந்தான் என்று அந்த டாக்டர் நினைக்க வேண்டுமா?" என்றேன்.

"நினைச்சா என்ன, உங்க உத்தியோகத்தை வாங்கிண்டுடுவாளா?" என்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

திசு ஆய்வில் (புண்ணிலிருந்து துளி சதை எடுத்துச் செய்யும் சோதனை) செதிள் செல் புற்று (தோலின் மேலடுக்கு அணுக்களில் தோன்றுவது) என்று உறுதியானது. நெற்றியில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையை, புற்றுக்கு அவ்வளவாக இடம் தராத வேறொன்றாக டாக்டர் செந்தில் மாற்றினார். கிரியாட்டினின் 1.4. "எங்காத்து மனுஷா கெட்டிக்காரா" என்றாள் வேதவல்லி. முடிந்தது என்று நாங்கள் இருவரும் நம்பிய காலம் அது ஒன்றுதான்.

ஆடியில் இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி தென்பட்டது. எடுத்தார்கள், கதிர்வீச்சு தந்தார்கள். ஐப்பசியில் ஸ்கேனில் நுரையீரலில் மூன்று புள்ளிகள். டாக்டர் நஸீமா அவற்றைப் பேனா முனையால் திரையில் காட்டினார். பேனாவை எடுத்த பிறகும் அவை எனக்குத் தெரிந்தன.

அந்த வாரம் இரண்டு மருத்துவர்களும் ஓர் அறையில் எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். இதை எழுதுவதற்கு முதன்மைக் காரணம் அந்த அறைதான். உங்களில் சிலருக்கும் அப்படி ஓர் அறை காத்திருக்கலாம்.

எதிர்ப்பாற்றல் சிகிச்சையைப் பற்றி அவர்கள் விளக்கியது இவ்வளவே. உடலின் வெள்ளணுக்கள் புற்றை அடையாளம் கண்டு தாக்கக்கூடியவை. புற்று அவற்றின் மீது ஒரு தடையைப் போட்டுத் தப்பிக்கிறது. இந்த மருந்து அந்தத் தடையை நீக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். மற்றவர்களுக்கு இதில் உள்ள ஆபத்துகள் வேறு. நமக்கு உள்ள ஆபத்து ஒன்று கூடுதல்: விழித்துக்கொண்ட வெள்ளணு, புற்றை மட்டும் பார்க்காது. மாற்றுச் சிறுநீரகத்தையும் பார்க்கும். அதுவும் அதற்கு அந்நியம்தான்.

"ஸ்டீராய்டை ஏத்தி, மாத்திரையை விடாம குடுத்து, முடிஞ்ச வரைக்கும் கிட்னியைப் பாதுகாப்போம்" என்றார் டாக்டர் செந்தில். "ஆனா உத்தரவாதம் தர முடியாது சார். சிலருக்கு கட்டியும் கரையுது, கிட்னியும் நிக்குது. சிலருக்கு கட்டி கரையுது, கிட்னி போயிடுது. சிலருக்கு..." வெள்ளக் காலத்தில் மதகைத் தூக்கிவிட்ட பிறகு தண்ணீரிடம் போய் வழி சொல்ல முடியாது. அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வேறு வழி?" என்று கேட்டேன்.

டாக்டர் நஸீமா கோப்பைப் புரட்டினார். "வேற ஒரு ஊசி இருக்கு சார். அது கிட்னி பக்கம் போகாது. ஆனா அதோட பலன் குறைச்சல். பெரும்பாலும் கொஞ்ச நாள்தான் தாக்குப்பிடிக்கும். மெதுவா வளர்ற கட்டியா இருந்தா அதை முதல்ல போட்டுப் பார்த்து, காத்திருக்கலாம்னு சொல்வேன். உங்களுது ஆரம்பத்துலயே ரெண்டு மாசத்துல அவ்வளவு பெருசா வந்தது. காத்திருக்க எனக்குப் பயமா இருக்கு."

வேதவல்லி நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "டாக்டர், அது வந்து..."

"வேதா" என்றேன்.

நான் குரலை உயர்த்தவில்லை. நாற்பத்தோரு ஆண்டுகளாக அந்தத் தொனியில் அவள் பெயரைச் சொன்னால் என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். அவள் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

"சொல்லுங்க மாமி" என்றார் டாக்டர் நஸீமா.

"ஒண்ணுமில்லேம்மா" என்றாள்.

மருத்துவர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். "நீங்க குடுத்த கிட்னி மாமி. உங்களுக்கும் இதுல சொல்ல இருக்கும்" என்றார்.

"குடுத்தது குடுத்ததுதான். திருப்பி வாங்கிக்கற பாத்திரமா அது? இவரைக் காப்பாத்தத்தான் குடுத்தேன். அதுக்கு இவரைக் காவல் வெக்கலை. போட வேண்டியதைப் போடுங்கோ."

நான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டேன். என் கையெழுத்து அன்றும் நேராகவே இருந்தது.

முதல் சொட்டு ஏறும்போது எதுவும் தெரியவில்லை. வெறும் தண்ணீர் போல ஒரு திரவம், அரை மணி நேரம். பிறகு வாரம் இருமுறை இரத்தப் பரிசோதனை. 1.4. 1.4. 1.5. வேதவல்லி ஒவ்வொரு முறையும் கேட்டாள், நான் சொன்னேன். இரண்டாவது சொட்டு முடிந்த ஒன்பதாம் நாள் 2.1 என்று வந்தது. அன்று வலது அடிவயிற்றில், சிறுநீரகம் வைத்த இடத்தில், கை வைத்தால் சூடாக இருப்பது போல உணர்ந்தேன். அவளிடம் 1.6 என்று சொன்னேன். பொய் சொல்வது அடுத்த முறை எளிதாக இருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாளில் 4 தாண்டியது. கால்கள் வீங்கின. சிறுநீர் குறைந்தது. சிறுநீரகத்தில் ஊசி செலுத்தித் திசு எடுத்துப் பார்த்தார்கள். நிராகரிப்பு (மாற்றுறுப்பை உடல் எதிரியாகக் கொண்டு அழித்தல்) என்றார்கள், அதிலும் கடுமையானது. மூன்று நாள் பெரிய அளவில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஆறாம் நாள் டாக்டர் செந்தில் என் கட்டிலருகே வந்து நின்றார். கையில் எந்தத் தாளும் இல்லை. தாள் இல்லாமல் அவர் வந்தது அதுதான் முதல் முறை.

"டயாலிசிஸ் ஆரம்பிக்கணும் சார்" என்றார்.

வேதவல்லி சுவரோரம் நின்றிருந்தாள். அன்று அவள் "எங்காத்து மனுஷா" என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

ஒன்றரை மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நுரையீரலின் மூன்று புள்ளிகளில் இரண்டு மறைந்திருந்தன. மூன்றாவது சுருங்கியிருந்தது. மருந்து தன் வேலையைச் செய்திருந்தது. இரண்டு இடத்திலும் செய்திருந்தது. "இனிமே தைரியமா தொடரலாம் சார்" என்றார் டாக்டர் நஸீமா. காப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்பதே அதன் பொருள். அவர் அதைச் சொல்லாமல் விட்டதற்கு நான் நன்றியுடையவன்.

வீதியில் பேச்சு தொடங்கியது. என் மைத்துனர் சம்பத், வேதவல்லியின் தம்பி, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. அவர் ஒருநாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் டாக்டர் நஸீமாவை நிறுத்தினார்.

"எங்கக்கா கிட்னியைப் பரிசோதனைப் பொருளா ஆக்கிட்டேள். மெதுவா போயிருக்கலாமில்லையா? என்ன அவசரம்?"

"எல்லா ஆபத்தையும் சொல்லித்தான் செஞ்சோம் சார். அதுக்கு மேல பேஷண்ட் விஷயத்தை நான் உங்ககிட்ட பேச முடியாது" என்றார் அவர். கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். நான் சக்கர நாற்காலியில் மூன்றடி தள்ளி இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் பேசியிருக்கலாம். பேசவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அந்தப் பேச்சு வேகமாக வளர்ந்தது. டாக்டர் நஸீமாவின் பெயரை ஒரு தினுசாக அழுத்திச் சொல்லி, "அவளுக்கு என்ன, நம்மாத்துப் பொம்மனாட்டி கிட்னிதானே" என்றார்கள். என்னைப் பார்க்க வந்தவர்கள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் வீட்டுக் காப்பியைக் குடித்தபடி சொன்னார்கள். நான் அமைதியாக இருந்தேன். அமைதி பெருந்தன்மை போலத் தோன்றியது. இன்னும் சிலர், திருமண்ணில் ஏதோ கலப்படம், அதனால்தான் புற்று வந்தது என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்தவர்களை வழியனுப்பிவிட்டு வேதவல்லி காப்பி டம்ளர்களை எடுத்தாள். எடுத்தவள் என் எதிரே நின்றாள்.

"அந்தப் பொண்ணு மேல பழி போறது. நீங்க பேசாம இருக்கேள்."

"வேதா."

"அப்படிக் கூப்பிடாதேங்கோ. அன்னிக்கு அந்த ரூம்ல கூப்பிட்டேள், வாயை மூடிண்டேன். அது என் தப்பு. என் கிட்னி போனதுக்கு நான் உங்களை ஒண்ணும் கேக்கலை. கேக்கவும் மாட்டேன். இதைக் கேக்கறேன்."

டம்ளர்களோடு உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அது நிற்கவில்லை.

அடுத்த சொட்டு நாளன்று டாக்டர் நஸீமாவிடம் உண்மையைச் சொன்னேன். இருபது சொற்களுக்குள் முடிந்துவிட்டது. அவர் கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பி, அந்தப் பழைய வரியை நீண்ட நேரம் பார்த்தார்.

"தெரிஞ்சிருந்தா அந்த இன்னொரு ஊசியை முதல்ல போட்டுப் பார்த்திருப்பேன் சார்" என்றார். "அதுல கிட்னி நின்னிருக்குமா, இல்ல புற்று முந்தியிருக்குமா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது." பிறகு, "மாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"முதல் நாளிலிருந்தே."

அவர் கோப்பை மூடினார். செவிலியரை அழைத்துச் சொட்டு ஏற்றச் சொன்னார்.

இப்போது வாரத்தில் மூன்று நாட்கள், நான்கு மணி நேரம், டயாலிசிஸ் எந்திரத்தோடு இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சொட்டு. என் காலத்துக்குத் தேதி கிடையாது. எந்திர நாள், எந்திரமில்லாத நாள், சொட்டு நாள் என்று மூன்று வகை நாட்களே உண்டு. நாளொன்றுக்கு இத்தனை மில்லி தண்ணீர் என்று அளந்து குடிக்கிறேன். ஆயிரக்கணக்கான கன அடியில் தண்ணீரைப் பேசியவன், இப்போது டம்ளரில் கோடு போட்டுக் குடிக்கிறேன்.

செயலிழந்த சிறுநீரகத்தை அவர்கள் வெளியே எடுக்கவில்லை. தொல்லை தராதவரை அது அங்கேயே இருக்குமாம். வலது அடிவயிற்றில், தோலுக்குக் கீழே, கெட்டியாக, கைக்குத் தட்டுப்படுகிறது. முன்பு அதைத் தொட்டதே இல்லை. இப்போது தொடாமல் ஒரு நாளும் போவதில்லை. என் உடம்பில் அவளுடையது ஒன்று, என் வெள்ளணுக்களால் கொல்லப்பட்டு, என் கூடவே குளித்து, உண்டு, உறங்குகிறது.

நெற்றியில் ஒட்டிய தொடைத் தோலுக்கு உணர்ச்சி இல்லை. திருமண் அதில் நிற்பதில்லை; காய்ந்ததும் உதிர்ந்துவிடுகிறது. வெறும் நெற்றியோடு வெளியே போகிறேன். கோஷ்டியில் என் இடத்தில் வேறொருவர் நிற்பதாகக் கேள்வி. மூன்றாவது புள்ளி இன்னும் இருக்கிறது. வளர்ந்ததா, வடுவா என்று அடுத்த ஸ்கேன் சொல்லும்.

மாற்றுறுப்போடு வாழ்பவர்களுக்கு: தோலில் ஆறாத எதையும் காட்டுங்கள். அது எதன் கீழே இருந்தாலும் துடைத்துவிட்டுக் காட்டுங்கள். எத்தனை நாள் என்று கேட்டால் சரியான விடையைச் சொல்லுங்கள். அந்த விடையின் மேல்தான் அவர்கள் எல்லாவற்றையும் கட்டுகிறார்கள்.

இனி, என்னைப் பற்றிச் சொல்லப்படுபவை. திருமண்ணால் புற்று வந்தது என்பது தவறு. வெயிலாலும் மாத்திரையாலும் வந்தது. டாக்டர் நஸீமா அவசரப்பட்டு என் மனைவியின் சிறுநீரகத்தைக் கெடுத்தார் என்பதும் தவறு. நான் சொன்ன இரண்டு மாதத்தை நம்பித்தான் அவர் விரைந்தார். புண் என் நெற்றியில் இருந்தது பதினொரு மாதம்.